பிடி எங்கே இருந்தது? துன்பியல் நாடகங்களில் குறையும் சூழ்ச்சியும்

வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் ஒருவர் தோன்றுகிறார். 'உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்' என்கிறார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எதிரில் இருந்தவரின் வாழ்நாள் சேமிப்பு காணாமல் போயிருக்கிறது. இந்த மோசடி பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் எச்சரித்தார். செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. படிக்கிறவர் மனத்தில் எழும் கேள்வியும் மாறவில்லை: இத்தனை படித்தவர், இவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர், எப்படி ஏமாந்தார்?

காவிரிப் படுகையில் இது பழைய கேள்வி. கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டும்போது கேட்பதுதான். 'அந்த ராஜாவுக்குப் புத்தி எங்கே போச்சு?' 'கூனி சொன்னா இவ கேட்டுடறதா?' ஏமாந்தவர் முட்டாளாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. துன்பியல் நாடகங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. சூழ்ச்சிக்காரர்கள் ஒருவரின் அறியாமையைத் தேடிப் போவதில்லை. அவர் எதில் பெருமைப்படுகிறாரோ, எதை இழக்க அஞ்சுகிறாரோ, அங்கேதான் கை வைக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ளத் தொலைதூரம் போக வேண்டாம். மயிலாடுதுறை மாவட்டத்துக்குள்ளேயே மூன்று ஊர்கள் இருக்கின்றன. கோவலனும் கண்ணகியும் புறப்பட்ட பூம்புகார், கம்பர் பிறந்த தேரழுந்தூர், இராம நாடகக் கீர்த்தனைகளை எழுதிய அருணாசலக் கவிராயர் வாழ்ந்த சீர்காழி. தமிழில் சூழ்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட மிகக் கூர்மையான இரண்டு காட்சிகளுக்கு இந்த வட்டாரத்தோடு ஒட்டுறவு உண்டு.

முதலில் சில சொற்கள்

1. பிழை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் துன்பியல் நாடகத்துக்கு இலக்கணம் சொன்னார். நாயகன் அப்பழுக்கற்றவனாகவும் இருக்கக் கூடாது, கொடியவனாகவும் இருக்கக் கூடாது. இடைப்பட்ட ஒருவன் ஏதோ ஒரு 'ஹமார்த்தியா'வால் வீழ வேண்டும் என்றார். பாடநூல்கள் இதைப் 'குணக்குறை' என்று பெயர்த்துவிடுகின்றன. சொல்லின் வேர் வேறு: எறிந்தது குறி தப்பிப் போவது. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் நம்மிடமே இருக்கிறது. யானையைக் குறிவைத்துத் தப்பிய வேலைத் திருவள்ளுவர் 'யானை பிழைத்தவேல்' என்கிறார் (குறள் 772). சிலப்பதிகாரப் பதிகமும் அரசியல் 'பிழைத்தோர்க்கு' அறமே கூற்றாகும் என்கிறது. குறி தப்பியது பிழை. அம்பு தப்பியதால் உயிர் தப்பியவன் பிழைத்தான். இன்று வயிற்றுப்பாட்டுக்கு நாம் 'பிழைப்பு' என்று சொல்வதும் இதே சொல்தான். அது வேறு கதை.

2. குறை. பிழை என்பது ஒரு செயல். குறை என்பது அந்தச் செயலுக்கு முன்பே ஆளிடம் இருக்கும் சாய்வு: அவசரம், சந்தேகம், புகழாசை, பெருந்தன்மை மீதான பெருமை. குறை உள்ளவர் எல்லாரும் பிழை செய்வதில்லை.

3. பிடி. 'அவன் பிடி கொடுத்துப் பேச மாட்டான்' என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தப் பிடி. ஒருவரின் குறை இன்னொருவர் கண்ணில் படும்போது அது பிடியாகிவிடுகிறது. குறைக்கும் பிழைக்கும் நடுவே நிற்பது இதுதான். சூழ்ச்சிக்காரருக்குத் தொழில் இந்த இடத்தில்.

நஞ்சையில் வேலை செய்தவருக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும். வளையைத் தண்ணீர் தோண்டவில்லை. மடையைத் திறந்ததும் வளை எங்கே இருக்கிறதென்று தண்ணீர் கண்டுபிடித்துவிடும்.

சூழ்ச்சிக்காரனே இல்லாத ஒரு காட்சி

குறை வேறு, சூழ்ச்சி வேறு என்பதற்குச் சிலப்பதிகாரமே ஒரு சோதனையைச் செய்து காட்டுகிறது. இந்திர விழா முடிந்து புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் அமர்ந்திருக்கிறார்கள். கோவலன் யாழை வாங்கிக் காவிரியைப் பெண்ணாக வைத்துப் பாடுகிறான். சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் நீ ஊடமாட்டாய், வாழி காவேரி என்பது பாட்டின் கருத்து. இவன் வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறானோ என்று மாதவி எண்ணுகிறாள். தானும் வேறு குறிப்பு உள்ளவள்போல் ஒரு பாட்டு பாடுகிறாள். அவ்வளவுதான். இவள் மனம் வேறொருவன் மேல் இருக்கிறது என்று முடிவுகட்டிக் கோவலன் எழுந்து போய்விடுகிறான்.

அங்கே கோள் சொன்னவர் யாரும் இல்லை. பொய்க் கடிதம் இல்லை. ஒரு பாட்டு, ஒரு சந்தேகம், அதை வாய்விட்டுக் கேட்காத ஓர் அவசரம். கோவலனின் குறை யாருடைய உதவியும் இல்லாமல் தானாகவே வேலை செய்துவிட்டது. மாதவி பின்னால் கடிதம் அனுப்பியும் அவன் வாங்கவில்லை. நேரே கண்ணகியிடம் போகிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் தவிக்கிறான் போலும் என்று அவள் நினைத்து, 'சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறாள். அந்தச் சிலம்போடுதான் மதுரைக்கு நடக்கிறார்கள்.

மதுரையில் அவன் எதிர்ப்பட்டது இந்தக் குறையைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் ஆளை.

பொற்கொல்லன் செய்தது என்ன?

பூம்புகாரில் 1973இல் கட்டப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் சுவர்களில் இந்தக் கதையைச் சிற்பமாகப் பார்க்கலாம். நம் கண் கண்ணகியிடமே போகும். சிலம்பு உடையும் இடத்தில் நிற்கும். சூழ்ச்சியைப் படிக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய கொலைக்களக் காதையில் நிற்க வேண்டும். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி மறைத்தவன் அந்தப் பொற்கொல்லன். தன் களவு வெளிப்படும் முன் பழியை ஏற்க ஓர் ஆள் தேவை. அவன் போட்ட கணக்கை வரிசையாகப் பார்ப்போம்.

1. பிடியைக் கோவலனே எடுத்து நீட்டினான். நூறு கொல்லர் பின்தொடர வரும் பெரியவனைக் கண்டதும், அரசன் தேவிக்குப் பொருந்தும் கால் அணி ஒன்றுக்கு உன்னால் விலை சொல்ல முடியுமா என்று கேட்டான். சரக்கின் மதிப்பை உயர்த்தச் சொன்ன வார்த்தை. வணிகன் மகன், நொடித்துப்போன நிலையிலும் பெரிய வீட்டுப் பேச்சு போகவில்லை. 'அரசன் தேவி' என்ற அந்த ஒரு தொடர், திருடனுக்குத் தேவையான கதையின் தலைப்பை அவன் கையில் கொடுத்துவிட்டது. கொல்லனோ பணிவின் உருவமாகப் பதில் சொல்கிறான்: அடியேனுக்கு இது தெரியாது, ஆனாலும் அரசர்களுக்கு முடி முதலிய அணிகள் செய்பவன் நான்.

2. நேரம் பார்த்தான். அன்று அரசவையில் ஆடல் மகளிரின் ஆட்டமும் பாட்டும் பாண்டியன் நெஞ்சைக் கவர்ந்தன என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அரசன் அமைச்சர் கூட்டத்தை விட்டுவிட்டு அவளைத் தேடிப் போகிறான். கொல்லன் அவன் காலில் விழுவது அந்த வாசலில். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அமைச்சர்கள் இருந்திருப்பார்கள். யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

3. பொய்யைச் சோதிக்க முடியாதபடி செய்தான். கன்னக்கோலும் இல்லை, கவைக்கோலும் இல்லை. காவலரை மந்திரத்தால் உறங்க வைத்துச் சிலம்பைத் திருடினான் என்றான். சுவரில் துளை இல்லையே, பூட்டு உடையவில்லையே என்று யாரும் இனிக் கேட்க முடியாது. தடயம் இல்லாததையே தடயமாக்கிவிட்டான். இன்றைய மோசடிகளிலும் இந்த உத்தி அப்படியே இருக்கிறது.

4. அரசன் ஒரு நிபந்தனை வைத்தான், ஆனால் அதைச் சரிபார்க்கும் வேலையைப் புகார் சொன்னவனிடமே விட்டான். என் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால், அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவா என்பது ஆணை. 'இருந்தால்' என்ற சொல் அங்கே இருக்கத்தான் செய்கிறது. இது அரசியின் சிலம்பா என்று பார்த்துச் சொல்லப் போகிறவன் யார்? கொல்லன்.

5. சந்தேகப்பட்டவர் வாயை அடைத்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் முகலட்சணம் கொலைக்கு உரியவனுடையதாக இல்லையே என்று சொன்னார்கள். கொல்லன் சிரித்தான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களின் எட்டு வழிகளைப் பாடம்போல எடுத்துவிட்டான். விவரம் தெரிந்தவன் அடுக்கிப் பேசும்போது தெரியாதவன் தன் கண்ணில் பட்டதைச் சந்தேகிக்கத் தொடங்குகிறான்.

6. வெட்டியது கல்லாத ஒரு குடிகாரன். ஆணையிட்டவன் அந்தப்புரத்தில், சந்தேகப்பட்டவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பொய் சொன்னவன் கையில் வாள் இல்லை. ஒரு கொலையில் இத்தனை பேருக்குப் பங்கு, ஆளுக்குக் கொஞ்சம்தான்.

இந்த ஆறில் பாண்டியனின் குறை எங்கே? அவன் கொடுங்கோலன் அல்ல. அப்படி இருந்திருந்தால் இது துன்பியலே ஆகாது. ஊடிய மனைவியைச் சமாதானம் செய்ய ஏதாவது கையில் கிடைக்காதா என்று போய்க்கொண்டிருந்த கணவன் அவன். அந்த நேரத்தில் நீதியாகவும் இருந்து, காணாமல் போன நகையை மீட்டு மனைவியின் முகத்தையும் மலர வைக்கும் ஒரு பொருள் வாசலுக்கே வந்து நிற்கிறது. தன் ஆசையும் கடமையும் ஒரே பக்கம் கைகாட்டும்போது யாரும் நின்று யோசிப்பதில்லை. நல்ல அரசனைப் பிழை செய்ய வைக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேரழுந்தூர்க்காரரின் கூனி

'கூனி' என்றால் நம் ஊரில் கோள்மூட்டுகிறவள். பேச்சில் அவ்வளவு தேய்ந்துபோன சொல் என்பதால், கம்பர் அந்தக் காட்சியை எவ்வளவு நுட்பமாகக் கட்டியிருக்கிறார் என்பது மறைந்துவிடுகிறது. கம்பரின் கைகேயி எளிதில் விழுந்தவள் அல்ல. கூனி பல முறை தோற்கிறாள். அவள் எந்தெந்தப் பிடியைத் தேடினாள் என்று பார்த்தால் காட்சி முழுவதும் புரியும்.

1. அச்சம். தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, உனக்குப் பெரும் துன்பம் வந்தும் உறங்குகிறாயே என்கிறாள். இராமனைப் பெற்ற எனக்கு இடர் உண்டா என்று கேட்கிறாள் கைகேயி. அவளே பெற்ற மகனாகத்தான் இராமனைச் சொல்கிறாள். பிடி கிடைக்கவில்லை.

2. பொறாமை. கோசலை வாழ்ந்தாள், நீ கெட்டாய் என்கிறாள். இராமனுக்கு முடிசூட்டு என்ற செய்தி வருகிறது. கைகேயி மகிழ்ந்து ஒரு மணிமாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள். கூனி அதைத் தரையில் எறிகிறாள்.

3. தாய்ப்பாசம். பரதனைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டார்களே என்கிறாள். இப்போது கைகேயிக்குக் கோபமே வருகிறது. எனக்கும் நீ நல்லவள் இல்லை, என் மகனுக்கும் இல்லை. உன் நாக்கை அறுக்காமல் பொறுத்தேன், என் எதிரே நிற்காதே என்கிறாள்.

பெரும்பாலான கதைகளில் இங்கே முடிந்திருக்கும். கூனி போகவில்லை. காலில் விழுந்து மறுபடி தொடங்குகிறாள். அடுத்து அவள் சொன்னதைக் கம்பர் எழுதிய இடத்தைப் படிக்கும்போது தஞ்சைத் தரணியின் பெரிய வீட்டுத் திண்ணை கண்முன் வருகிறது. வறுமையால் வாடி உன்னிடம் வந்து ஒருவர் கையேந்தினால், கோசலையிடம் போய்ப் பொருள் கேட்டு வாங்கிக் கொடுப்பாயா? வெட்கி நிற்பாயா? விம்மிச் சாவாயா? இல்லையென்று சொல்வாயா? எப்படி வாழ்வாய்?

கையேந்தி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியறியாத ஒருத்தியிடம் இதைக் கேட்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது! இங்கே பிடி கைகேயியின் பேராசை அல்ல, கொடைக்கை. தன்னிடம் இல்லாமல் போகுமே என்பதைவிட, கொடுக்க முடியாமல் போகுமே என்பதுதான் அவளைச் சுடுகிறது.

4. பிறந்த வீடு. இதையும் சேர்த்துக் கடைசி அடி. சீதையின் தந்தை சனகன், உன் கணவனுக்கு அஞ்சித்தான் உன் தந்தையைத் தாக்காமல் இருக்கிறான். நாளை இராமன் அரசன், சனகன் அவனுக்கு மாமன். உன் தந்தைக்கு இனி வாழ்வு உண்டா? இதற்குப் பிறகுதான் கைகேயியின் 'தூய சிந்தை' திரிந்தது என்கிறார் கம்பர். திரிந்த அந்த இடத்திலும் 'தூய' என்ற அடைமொழியை அவர் எடுக்கவில்லை.

கூனிக்கு ஏன் இந்த வேலை? சின்ன வயதில் இராமன் வில்லால் அடித்த மண்ணுருண்டை அவள் முதுகில் பட்டது. அதை அவள் மறக்கவில்லை. விளையாட்டு அது, அவனுக்கு நினைவு இருந்திருக்காது. சூழ்ச்சி செய்பவரிடமும் ஒரு பழைய காயம் இருக்கிறது என்பதைக் கம்பர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

இதற்குப் பின்னால் நடப்பது ஒரு சங்கிலி. கூனியிடம் பிடி கொடுத்த கைகேயி, தசரதனிடம் போய் அவன் பிடியைத் தேடுகிறாள். அது கொடுத்த வாக்கு. பொய் சொல்லத் தெரிந்த ஒரு சாதாரண ஆளிடம் இரண்டு வரங்களை வைத்து யாரும் எதையும் பிடுங்கியிருக்க முடியாது. சீர்காழிக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையைப் பாட்டு நாடகமாக ஆக்கினார். மேடையில் பாடக் கேட்டவர்கள் திட்டித் தீர்த்தது கூனியையும் கைகேயியையும்தான். தசரதனின் வாய்மையே இங்கே ஆயுதமாகிறது என்பதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் கூச்சம். அரிச்சந்திரன் கதையிலும் அப்படியே. விசுவாமித்திரன் ஒவ்வொரு முறையும் கையை வைப்பது அவனுடைய வாய்மை என்ற ஒரே இடத்தில்தான்.

ஒதெல்லோ: இரண்டு பிழைகளைப் பிரிக்கும் குறள்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் அதிகம் குழம்பும் நாடகம் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ. 1604இல் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்டதற்குப் பதிவு உண்டு. வெனிஸ் நகரின் படைத்தலைவன் ஒதெல்லோ, அந்நிய இனத்தவன். டெஸ்டிமோனாவைத் தந்தைக்குத் தெரியாமல் மணக்கிறான். பதவி உயர்வு காசியோ என்பவனுக்குப் போய்விட்ட கோபத்தில் ஒதெல்லோவிடம் வேலை பார்க்கும் இயாகோ, மனைவிமேல் சந்தேகத்தை மூட்டி, அவன் கையாலேயே அவளைக் கொல்ல வைக்கிறான். 'ஒதெல்லோவின் குறை பொறாமை' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பொறாமை அங்கே தொடக்கம் அல்ல, விளைவு.

மூன்றாம் அங்கத்தின் நீண்ட காட்சியில் இயாகோ நேராகக் குற்றம் எதையும் சாட்டுவதில்லை. காசியோ விலகிப் போவதைப் பார்த்து, 'ம்... இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று முணுமுணுக்கிறான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். காசியோ நேர்மையானவன்தானே என்று ஒதெல்லோ கேட்டால், 'நேர்மையா, பிரபு?' என்று அதே சொல்லைத் திருப்பிப் போடுகிறான். மீதியை ஒதெல்லோவே நிரப்பிக்கொள்கிறான். பிறர் சொன்ன பொய்யை மறுக்கலாம். தானே கண்டுபிடித்ததாக நம்பும் பொய்யை எப்படி மறுப்பது? பிறகு பொறாமை பொல்லாதது, எச்சரிக்கையாக இருங்கள் என்று அறிவுரை வேறு.

அதற்குப் பிறகுதான் உண்மையான பிடி. வெனிஸ் பெண்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்கிறான் இயாகோ. உங்களை மணக்கத் தன் தந்தையையே ஏமாற்றியவள் அல்லவா என்கிறான். முதல் அங்கத்தில் அவளுடைய தந்தை வயிறெரிந்து சொன்ன வார்த்தை இது. இயாகோ பத்திரமாக எடுத்து வைத்திருந்து இப்போது பயன்படுத்துகிறான். போர்க்களத்தில் யாருக்கும் அஞ்சாத அந்த மனிதனுக்கு, இந்த ஊரில் நான் வெளியாள்தானே என்ற ஒரு முள் உள்ளே இருந்தது.

இங்கே திருக்குறளின் 510ஆம் குறளைக் கையில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்கிறது அது. இரண்டு தனித்தனிப் பிழைகள். இயாகோவை ஒதெல்லோ சோதித்ததே இல்லை. 'நேர்மையான இயாகோ' என்று நாடகம் முழுக்கச் சொல்கிறான். தனக்காக வீட்டையே விட்டு வந்த டெஸ்டிமோனாவைச் சந்தேகிக்கிறான். ஒரே ஆள், ஒரே நாளில், இரண்டு பிழைகளையும் செய்கிறான். முதலாவது இல்லாமல் இரண்டாவது நடந்திருக்காது.

ஒதெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த கைக்குட்டையை இயாகோ காசியோவிடம் சேர்த்துச் சாட்சியாக்கிய விவகாரம் எல்லாருக்கும் தெரியும். அதில் நேரம் செலவிட வேண்டாம். கவனிக்க வேண்டியது மற்றவர்களின் பிடிகள். காசியோவுக்குக் கொஞ்சம் குடித்தாலே தலை சுற்றும், அது ஒரு பிடி. டெஸ்டிமோனாவுக்கு, குடித்து வேலை இழந்த அந்தக் காசியோவுக்காகப் பரிந்து பேசாமல் இருக்க முடியாது. அவளுடைய நல்ல குணத்திலிருந்தே எல்லாரையும் சிக்கவைக்கும் வலையைப் பின்னுவேன் என்று இயாகோ தனியே நின்று சொல்கிறான். கைகேயியின் கொடைக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு சோதனைகள், நான்கு பிடிகள்

அதே அதிகாரத்தின் முதல் குறள் (501) ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கால் சோதிக்கச் சொல்கிறது. அரசன் ஆள் விட்டு இந்த நான்கையும் ஆசை காட்டியும் அச்சம் காட்டியும் பார்ப்பான் என்று பரிமேலழகர் விளக்குகிறார். குறளைத் திருப்பிப் பிடித்தால் அது சூழ்ச்சிக்காரனின் பட்டியலாகவும் ஆகிறது.

அறம் என்ற பிடியில் தசரதனும் அரிச்சந்திரனும். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் புரூட்டஸும் இங்கேதான். ரோமை உன் முன்னோர் காத்தார்களே, நீ தூங்குகிறாயா என்று மக்கள் எழுதியதுபோன்ற பொய்க் கடிதங்களை அவன் வீட்டுக்குள் எறிந்தே சதிகாரர்கள் அவனைச் சீசர் கொலைக்கு அழைத்துவந்தார்கள். அதே நாடகத்தில் சீசரை அவைக்கு வரவழைக்கிறவன் சொல்வது இன்னும் வேடிக்கை: முகத்துதியை வெறுப்பவர் நீங்கள் என்று சொன்னால் ஆமாம் என்பார், அந்த முகத்துதிக்கே மயங்கியபடி. யானையைப் படுகுழி தோண்டிப் பிடிப்பதுபோலத்தான் என்று அவன் ஒப்புமை வேறு சொல்கிறான்.

பொருள், அதாவது பதவி, என்ற பிடியில், அரசனைக் கொன்று அரியணை ஏறிய ஷேக்ஸ்பியரின் மாக்பெத். பம்மல் சம்பந்த முதலியார் 'மகபதி' என்று தமிழுக்குக் கொண்டுவந்த நாடகம். சூனியக்காரிகள் அவனைக் கொலை செய்யச் சொல்லவே இல்லை, நீ அரசனாவாய் என்று மட்டும் சொன்னார்கள். கூட இருந்த பாங்க்கோவுக்கும் அன்று ஒரு நல்வாக்கு கிடைத்தது. அவன் யாரையும் கொல்லவில்லை. தூண்டில் ஒன்று, மீன் இரண்டு.

இன்பத்தில் பாண்டியன், உயிரச்சத்தில் (தனக்கல்ல, தந்தைக்கு) கைகேயி. ஒதெல்லோ இந்த நான்கில் எதிலும் சரியாக அடங்கவில்லை. அவனுக்கு ஐந்தாவதாக மானம் என்று ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

'டிஜிட்டல் கைது' செய்பவர்கள் கை வைப்பதும் இந்த ஐந்தாவதில். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, கறுப்புப் பண வழக்கு இருக்கிறது என்று தொடங்குவார்கள். சட்டத்தை மீறிப் பழக்கமில்லாத, ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆளிடம்தான் இது பலிக்கும். அப்படி ஒரு கைதுமுறை இந்தியச் சட்டத்தில் இல்லை என்பது தெரிந்தவரும் விழுகிறார்கள், ஏனென்றால் அடுத்த கட்டளை: அழைப்பைத் துண்டிக்காதே, வீட்டில் யாரிடமும் சொல்லாதே. பாண்டியன் அமைச்சரை விட்டு வந்த அந்தப்புர வாசல், கைகேயியின் தனிப் படுக்கை, ஒதெல்லோ போயிருந்த, சொந்த மனிதர் யாரும் இல்லாத சைப்ரஸ் தீவு, வீட்டின் பூட்டிய அறை; இடம் மட்டும்தான் வேறு. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குப் பேசலாம் என்று வீட்டில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

ஊழ் என்றால் குறைக்கு இடம் உண்டா?

இளங்கோவடிகள் எல்லாவற்றையும் ஊழ்வினை என்கிறாரே, அப்படியானால் பாண்டியன் மேல் குற்றம் சொல்வது சரியா என்ற கேள்வி வரும். கம்பரும் தேவர்களின் மாயை என்று ஒரு காரணம் வைத்திருக்கிறார். இரண்டு கவிஞர்களும் இரண்டு தளத்தில் கதை சொல்கிறார்கள். மேலே ஊழ்; கீழே, யார் எந்தச் சொல்லைச் சொன்னார், எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார் என்ற கணக்கு. ஊழையே முழுக் காரணமாக நினைத்திருந்தால் கொல்லனின் எட்டு வழிப் பேச்சுக்கும், காவலரின் சந்தேகத்துக்கும் இத்தனை வரிகள் எதற்கு?

பாண்டியனும் ஊழைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, இதிலிருந்து தெறித்தது மாணிக்கம். முதல் நாளே உள்ளே இருக்கும் பரல் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பொன்செய் கொல்லன் சொல் கேட்ட 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொல்லிவிட்டு விழுகிறான். வஞ்சித்தவன் பெயரை அவன் சொல்லவில்லை. காப்பியமும் கடைசிவரை அந்தக் கொல்லனுக்குப் பெயர் வைக்கவில்லை.

பின்னால் நடந்ததை நூலின் முன்னால் இருக்கும் உரைபெறு கட்டுரை சொல்கிறது. பாண்டி நாட்டில் மழை இல்லை, வறுமை, வெப்புநோய், அம்மை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுக்கிறான். முந்தைய அரசன் ஒருவனை விசாரிக்காமல் கொன்றதற்குப் பரிகாரமாக ஆயிரம் பேர். அவர்களில் யார் என்ன செய்தார் என்று கேட்டதாக அந்தப் பகுதியில் ஒரு சொல்லும் இல்லை. அதன் பிறகு மழை பெய்ததாம்.